பட்டா நிலத்தில் கட்டடம் எழுப்புமுன்

நெல் அறுவடையாகிக் களத்தினின்று வீடு சேர்ந்தபின், கையில் சிறிது ரொக்கம் மிஞ்சிய குடியானவர் முதலாவதாக நினைப்பது கட்டட வேலையையே. மகனுக்கு ஒரு தனி வீடு, நெல்லும் மணிலாக்கொட்டையும் சேமிக்க ஒரு கிடங்கு, பாட்டையோரமாக நிலம் இருப்பின் வாடகைக்கு விட இரண்டு கடைகள் என்று அவரவர் வசதிக்கேற்ப எண்ணம் எழுகிறது. ஆற்காட்டிலிருந்து திமிரி வழியாக ஆரணிக்குச் செல்லும் பாட்டையைச் சார்ந்த கிராமங்களில் இவ்வெண்ணம் எழும்போதெல்லாம் கிராம உத்தியோகஸ்தர்களிடம் கேட்கப்படும் கேள்வி ஒன்றே: "என் சொந்தப் பட்டா நிலத்தில் நான் கட்டுவதற்கு யாரைக் கேட்க வேண்டும்?"

கேள்வி நியாயமானதாகத் தோன்றினும் அதன் அஸ்திவாரம் பிசகானது. பட்டா என்பது இன்ன சர்வே நம்பருக்கு இன்னார் தீர்வை செலுத்தக் கடமைப்பட்டவர் என்று காட்டும் ரிக்கார்டேயன்றி, அந்நிலத்தில் எதையும் செய்துகொள்ளலாம் என்னும் உத்தரவு அன்று. நிலம் எத்தன்மையது, அதில் எழும் கட்டடத்தினால் அண்டை நிலத்துக்கும் பொது நீருக்கும் என்ன நேரும் என்பவற்றை, கல்லும் சிமெண்டும் வந்து இறங்குமுன் கேட்டறிவதற்காகவே அநுமதி என்ற ஏற்பாடு உண்டாயிருக்கிறது. கட்டுவோருக்கு இது ஒரு தடையாகத் தோன்றலாம். அடுத்த வயல்காரருக்கோ தம் குறையைக் காலத்தில் எடுத்துச் சொல்ல அகப்படும் சந்தர்ப்பம் அது ஒன்றுதான்.

ஆகவே வீட்டுப் பிளான் வரையும் இஞ்சினீயரிடம் போவதற்கு முன்னால், குடியானவர் தம் கிராம நிர்வாக அலுவலரிடம் செல்வதே முறை. 1980-ஆம் வருஷத்தில் பரம்பரைக் கர்ணம், மணியம் ஆகிய பதவிகள் ஒழிக்கப்பட்டபின் கிராமக் கணக்குகள் இவ்வலுவலர் வசமே இருந்து வருகின்றன. 'அ' பதிவேட்டில் நிலம் நஞ்சையா, புஞ்சையா, நத்தமா, புறம்போக்கா என்பது காணும். அடங்கலில் ஒவ்வொரு பசலியிலும் பயிரானது என்ன என்பது காணும். புலப்படத்தில் எல்லைக் கற்களும் வண்டிப்பாதையும் ஓடையும் காணும். இம்மூன்றையும் ஒருங்கே வைத்துப் பார்த்தாலன்றி நிலத்தின் நிலைமை தெளிவாகாது. நத்தம் என்று ஊரார் வாய்வழக்கில் சொல்லிவரும் இடம் கணக்கில் களம் புறம்போக்காக இருப்பதும், வண்டிப்பாதை ஒன்று பல வருஷங்களாக உழப்பட்டு வயலோடு கலந்துவிட்டிருப்பதும் அபூர்வமான சங்கதிகள் அல்ல. அத்தகைய இடத்தில் சுவர் எழும்பியபின் தெரியவரும் உண்மை, சுவரின் செலவையும் சேர்த்துக்கொண்டு வருகிறது.

கிராம நத்தத்தில் கட்டுவோருக்குச் சிரமம் குறைவு. நத்தம் ஆதியிலிருந்தே குடியிருப்புக்கென விடப்பட்ட நிலமாதலால், உபயோக மாற்றம் என்ற பிரச்னை அங்கு இல்லை. நத்தம் நிலவரித் திட்டத்தில் அளந்து கொடுக்கப்பட்ட பட்டாவின் எல்லையைச் சரிபார்த்துக்கொண்டு கட்டட அநுமதிக்கு மனுச் செய்யலாம். நத்தமாதலால் அநுமதியே வேண்டாம் என்று சிலர் கூறுவது மட்டும் தவறு.

மனைப் பிரிவில் கிரயம் வாங்கியவர்களின் நிலைமை வேறு. வயல்களை வரப்பெடுத்து, எல்லைக் கல் நட்டு, அங்கீகாரம் எதுவும் பெறாமலே மனைகளாக விற்கும் வழக்கம் நம் மாகாணமெங்கும் பரவியிருந்தது. 2016-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் சென்னை ஹைகோர்ட்டு இத்தகைய மனைகளின் பத்திரப் பதிவைத் தடுத்து உத்தரவிட்டது. அதன்பின் 2017-ஆம் வருஷம் வரன்முறை விதிகள் வெளியாயின. 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன்பு விற்கப்பட்ட மனைகளுக்கே அவ்விதிகளின் கீழ்ப் பரிகாரம் உண்டு. ஆகையால் மனை வாங்குவோர் வில்லங்கச் சான்றோடு நின்றுவிடாமல், மனைப் பிரிவின் அங்கீகார எண்ணையோ வரன்முறை உத்தரவையோ கேட்டு வாங்கிப் பார்க்க வேண்டியது. இவை இல்லாத மனைக்குக் கட்டட அநுமதி கிடைப்பது அரிது. அது இல்லாவிடில் பாங்கிக் கடனும் கிடைப்பதில்லை.

இனி, நம் வாசகர்களில் பெரும்பாலோரைச் சார்ந்த நஞ்சை விஷயத்துக்கு வருவோம். நகரமைப்புத் திட்டம் எதுவும் தயாராகாத பிரதேசங்களில், விவசாய நிலத்தை விவசாயமல்லாத காரியத்துக்கு மாற்றுவதற்கு 2017-ஆம் வருஷத்தில் தனி விதிகள் ஏற்பட்டன. நகர் ஊரமைப்பு இலாகாவின் சம்மதம் இதற்கு அவசியம். நிலம் நஞ்சையாயின் கலெக்டரின் கருத்தும், அதற்கு ஆதாரமாக ஜில்லா வேளாண்மை இணை இயக்குநரின் அறிக்கையும் வேண்டப்படுகின்றன. மாற்றம் அநுமதிக்கப்பட்டால், அவ்விதிகளின்படி நிலத்தின் மதிப்பில் நூற்றுக்கு 3 வீதம் கட்டணம் செலுத்த வேண்டும். திட்டம் ஏற்பட்ட பிரதேசமாயின் இவ்விதிகள் செல்லாது. அங்கே திட்டத்தில் குறித்த உபயோகத்தையே மாற்ற வேண்டியிருக்கும், அது இன்னும் நீண்ட வழி. எனவே தம் சர்வே நம்பர் எப்பிரதேசத்தைச் சேர்ந்தது என்பதை முதலில் விசாரித்து அறிக.

நூற்றுக்கு 3 என்பது நிலத்தை இழப்பதற்கு மிகச் சொற்ப விலை என்பதே எமது அபிப்பிராயம். பணத்தைக் கட்டிவிட்டால் காரியம் முடிந்தது என்று எண்ணுவதற்கு அது இடங்கொடுக்கிறது. வேளாண்மை இலாகாவின் அறிக்கையோ பணத்தால் அளக்கக்கூடாத ஒன்றைப் பற்றியது. ஏரிப் பாசனமுள்ள நம் கிராமங்களில் வயலுக்கு வயல் நீர் பாயும் முறை நெடுங்காலமாக இருந்து வருகிறது. மதகிலிருந்து வாய்க்கால் சில வயல்கள் வரையே செல்லும். அதன்பின் மேல்வயலின் மடையைத் திறந்தால்தான் கீழ்வயலுக்கு நீர். இந்தப் பாய்ச்சலுக்கு ஊர் வழக்கமே ஆதாரம். புலப்படத்தில் ஒரு கோடுகூட இராது. மேலே இருப்பவர் தம் வயலில் 3 அடி உயரம் மண் நிரப்பி வீடு கட்டினால், அவர் எல்லையை ஓர் அங்குலமும் மீறாதிருந்தும், கீழே உள்ளவர்களுக்குப் பாய்ச்சல் அற்றுப்போகிறது. மழைக்காலத்திலோ இதற்கு நேர்மாறாக வடிகால் அடைபட்டு, மேலண்டை வயலில் நீர் தேங்கி நாற்று அழுகுகிறது.

கிராம உத்தியோகஸ்தர்கள் அறிக்கை எழுதும்போது இதனையே முக்கியமாகக் கவனித்தல் வேண்டும். புலப்படத்தில் வாய்க்கால் இல்லை என்ற ஒரே காரணத்தால் 'ஆட்சேபணை இல்லை' என்று எழுதிவிடுவது கடமையைச் செய்ததாகாது. நிலத்தில் நேரில் இறங்கி, மடை எங்கே, நீர் எவ்வயலிலிருந்து எவ்வயலுக்குச் செல்கிறது என்பதை அண்டை நிலத்தாரை வைத்துக்கொண்டு விசாரித்து, மனுதாரர் தம் செலவில் எல்லையோரமாக ஒரு வாய்க்கால் விடச் சம்மதிக்கிறாரா என்பதையும் எழுத்தில் வாங்க வேண்டும். ஒன்றரை அடி அகலமுள்ள வாய்க்காலுக்கு இடம் விட்டால் தீரக்கூடிய விஷயம், விடாத காரணத்தால் சிவில் கோர்ட்டு வரை சென்று இரண்டு குடும்பங்களின் வருமானத்தை விழுங்குவதுண்டு. மேலும், "கட்டிக்கொள்ளுங்கள், பிறகு பார்த்துக்கொள்வோம்" என்று வாய்மொழியாகச் சொல்லும் வழக்கத்தை உத்தியோகஸ்தர்களும் பஞ்சாயத்துத் தலைவர்களும் அடியோடு விட்டுவிட வேண்டும். வாய்மொழி அநுமதி என்பது சட்டத்தில் எங்கும் இல்லை. 1971-ஆம் வருஷத்து நகர் ஊரமைப்புச் சட்டப்படி அநுமதியில்லாத கட்டடத்தை நிறுத்தவும், பூட்டி முத்திரையிடவும், இடிக்கவும் சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. அந்தச் சமயத்தில் வாய்மொழி கொடுத்தவர் சாட்சிக்கு வரமாட்டார்.

கட்டடம் ஒன்று அண்டை நிலத்துக்கு என்ன செய்யக்கூடும் என்பதற்கு நாம் வெளியூர் சென்று உதாரணம் தேட வேண்டியதில்லை. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி எழுந்த தோல் பதனிடும் தொழிற்சாலைகளின் சரித்திரமே போதும். அவை ஆயிரக்கணக்கானவர்களுக்கு ஜீவனம் அளித்தன என்பதை மறுப்பதற்கில்லை. இன்றும் அளித்து வருகின்றன. ஆனால் அவை எழும்பியபோது, கழிவு நீர் எங்கே போகும் என்ற கேள்வியைப் போதிய அழுத்தத்துடன் கேட்டவர் இல்லை. உப்பும் குரோமியமும் கலந்த நீர் வாய்க்காலிலும் ஓடையிலும் ஆற்று மணலிலும் இறங்கிக் கிணறுகளை அடைந்தது. 1989-ஆம் வருஷம் மார்ச்சு 30-ஆம் தேதி சர்க்கார் ஓர் உத்தரவு பிறப்பித்து, ஆறு முதலிய நீர்நிலைகளிலிருந்து 1 கிலோ மீட்டருக்குள் இத்தகைய தொழிற்சாலைகள் புதிதாக எழும்புவதைத் தடுத்தனர். அதற்குள் முன்னரே எழும்பியவை எழும்பியே இருந்தன.

வேலூர்ப் பிரஜைகள் நலச் சங்கத்தார் சுப்ரீம் கோர்ட்டில் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டு 28-ஆம் தேதி தீர்ப்பாயிற்று. தோல் தொழிற் பிரதேசத்தில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்குத் தகுதியற்றுப் போய்விட்டதென்று, வேலூரிலிருந்த வேளாண்மைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கை அத்தீர்ப்பு எடுத்துக் காட்டுகிறது. ஒரு கிலோ தோலைப் பதனிட 35 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்பதையும் அதில் காணலாம். கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டும் என்ற நியாயத்தைக் கோர்ட்டார் நிலைநாட்டி, நஷ்டத்தைக் கணக்கிட ஓர் அதிகார அமைப்பையும் ஏற்படுத்தச் செய்தனர். அவ்வமைப்பு 2001-ஆம் வருஷத்தில் சுமார் 29,000 பேருக்கு 26 கோடி ரூபாய்க்கு மேல் நஷ்ட ஈடு நிர்ணயித்தது. ஆயினும் விஷயம் அத்துடன் முடியவில்லை. 2025-ஆம் வருஷம் ஜனவரி 30-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட்டு மறுபடியும் தலையிட்டு, பாக்கியுள்ள நஷ்ட ஈட்டைச் சர்க்கார் முதலில் கொடுத்துப் பின்னர் தொழிற்சாலைகளிடம் வசூலித்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவிட வேண்டியதாயிற்று. 1996-இல் கிணற்றை இழந்தவரின் பேரன் இன்று விவசாயம் செய்யும் வயதில் இருக்கிறான்.

மற்றொரு துக்ககரமான சம்பவமும் இங்கு நினைக்கத்தக்கது. 2015-ஆம் வருஷம் ஜனவரி மாதக் கடைசியில், இராணிப்பேட்டை சிட்கோ தொழிற்பேட்டையில், பொதுக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தைச் சேர்ந்த தொட்டியொன்றின் சுவர் இரவு வேளையில் இடிந்து, உள்ளே தேக்கியிருந்த சேறும் கழிவும் அடுத்த தொழிற்சாலைக்குள் பாய்ந்தது. அங்கே உறங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் மாண்டனர். சுவர் ஒருவருடையது, மாண்டவர்கள் பக்கத்துக் கட்டடத்தார். சுவரின் கனமும் அது தாங்க வேண்டிய பாரமும் தகுந்தவர்களால் பார்வையிடப்பட வேண்டும் என்று விதிகள் கேட்பது ஏன் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

இதைப் படிக்கும் மிராசுதார், "நான் தோல் ஷாப்பா கட்டப் போகிறேன்?" என்று கேட்கலாம். நிலத்தைப் பாட்டையோரத் தொழிலுக்குக் குத்தகைக்கு விடுவோர் நம்மில் உண்டு. புழுங்கல் அரிசி மில், செங்கல் சூளை ஆகியவற்றைத் தாமே நடத்துவோரும் உண்டு. இவற்றுக்குக் கட்டட அநுமதி மட்டும் போதாது. மாசுக் கட்டுப்பாடு வாரியத்தினிடம் நிறுவுவதற்கான இசைவை அஸ்திவாரம் தோண்டுமுன்பும், இயக்குவதற்கான இசைவை வேலை தொடங்குமுன்பும் என இருமுறை பெற வேண்டும். குத்தகைதாரர் தாமே எல்லாம் வாங்கிக்கொள்வார் என்று கையெழுத்திட்டுக் கொடுத்துவிடாமல், இசைவுக் கடிதத்தின் நகல் ஒன்றைப் பெற்றபின்பே நிலத்தை ஒப்படைக்க வேண்டும். குத்தகைக் காலம் முடிந்து அவர் போய்விடுவார், உப்பேறிய நிலம் சொந்தக்காரருக்குத் திரும்பி வரும்.

நிலத்தின் நிலைமை சரியானபின், மனுச் செய்யும் முறை இந்நாளில் எளிதாகிவிட்டது என்றே சொல்ல வேண்டும். திமிரிப் பேரூராட்சிக்குள் செயல் அலுவலரும், திமிரி ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த கிராமங்களில் அந்தந்தக் கிராமப் பஞ்சாயத்துமே சாதாரண வீடுகளுக்கு அநுமதி வழங்கும் அதிகாரிகள். பெரிய கட்டடங்கள் நகர் ஊரமைப்பு இலாகாவின் ஜில்லா அலுவலகத்துக்குச் செல்லும். முற்றும் எங்கும் அநுசரிக்க வேண்டியவை 2019-ஆம் வருஷத்து ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள். 2024 ஜூலை 22-ஆம் தேதி தொடங்கிய சுயசான்று முறைப்படி, 2,500 சதுர அடிக்கு உட்பட்ட மனையில் 3,500 சதுர அடிக்கு மேற்படாமல், தரைத்தளமாகவோ தரைத்தளமும் அதன்மேல் ஒரு தளமுமாகவோ கட்டும் வீட்டுக்கு ஒற்றைச் சாளர இணையவழியில் மனுச் செய்து உடனே அநுமதி பெறலாம். பரிசீலனைக் கட்டணமும் உள்கட்டமைப்பு வசதிக் கட்டணமும் இதற்கு இல்லை. முடிவுச் சான்றிதழும் வேண்டுவதில்லை.

உத்தியோகஸ்தர் வந்து பார்ப்பதில்லை என்பதற்காக எவரும் பார்க்க வேண்டியதில்லை என்று கொள்ளலாகாது. சுயசான்று என்பது, நிலமும் பிளானும் விதிப்படி உள்ளன என்று சொந்தக்காரரே தம் பொறுப்பில் எழுதிக் கொடுப்பது. நஞ்சையை மனை என்று எழுதினால் கணினி அதை நம்பிச் சீட்டுக் கொடுத்துவிடலாம். பொய் வெளிப்பட்ட அன்று சீட்டும் போய்விடும், வழக்கும் வந்து சேரும். ஆகையால் முன்பு இன்ஸ்பெக்டர் செய்த வேலையை இப்போது வீட்டுக்காரர் செய்ய வேண்டியவராகிறார். அஸ்திவாரம் தோண்டியபின் ஒருமுறை, கடைக்கால் மட்டத்தில் ஒருமுறை, மேல்தளத்துக் கம்பி கட்டியபின் காங்கிரீட் போடுமுன் ஒருமுறை, ஆக மூன்று தடவையேனும் பிளானில் கையெழுத்திட்ட இஞ்சினீயரை நேரில் வரவழைத்துப் பார்க்கச் செய்க. மேஸ்திரி கைதேர்ந்தவராக இருக்கலாம். எனினும் ஏரிக்குக் கீழுள்ள களிமண் கோடையில் வெடித்து மழையில் உப்புவதைக் கருதி அஸ்திவாரத்தின் ஆழத்தை நிர்ணயிப்பது அவர் வேலை அன்று.

வயற்புறத்தில் கட்டுவோர் தாமே அளந்து பார்க்கக்கூடியவை சில உண்டு. மின்கம்பிக்குக் கீழும் அருகிலும் கட்டுவது கூடாது. 11,000 வோல்ட்டுக் கம்பியாயின் கட்டடத்துக்குப் பக்கவாட்டில் 1.2 மீட்டரும், மேலே 3.7 மீட்டரும் இடைவெளி இருத்தல் வேண்டும். மொட்டை மாடியில் ஈரத் துணி உலர்த்தும் உயரத்தையும் நினைவில் வைக்கவும். மலக்குழியின் கழிவு நீர் உறிஞ்சும் குழி, குடிநீர்க் கிணற்றுக்கு 18 மீட்டருக்குக் குறையாத தூரத்திலும், வீட்டுக்கு 6 மீட்டருக்குக் குறையாத தூரத்திலும் இருக்க வேண்டுமென்பது இந்தியத் தர நிர்ணயம். இதைக் கவனியாமல் பம்புசெட்டுக் கிணற்றின் கரையிலேயே குழி தோண்டுவோரை அடிக்கடி காண்கிறோம். அப்பம்புசெட்டின் இலவச மின்சாரத்தைக் கட்டட வேலைக்கு உபயோகிப்பதும் குற்றம். கட்டட வேலைக்கென்று தற்காலிக இணைப்பு கேட்டுப் பெறலாம்.

சர்க்கார் உதவியுடன் வீடு கட்டும் ஏழைக் குடியானவர்களுக்கு ஒரு வார்த்தை. அத்திட்டங்களில் பணம் தவணை தவணையாகவே வரும். ஒவ்வொரு தவணைக்கும் முன்னால் ஒன்றியத்து அலுவலர் வேலையைப் பார்வையிட்டுப் படம் எடுத்து அனுப்ப வேண்டியிருப்பதால், பார்வை முடியுமுன் அடுத்த கட்டத்தைத் தொடங்கிவிட்டால் பணம் தங்கிப்போக இடமுண்டு.

காலத்தைப் பற்றி ஒன்று. நிலத்தைப் பார்வையிட ஐப்பசி, கார்த்திகையே தகுந்த மாதங்கள். கோடையில் காய்ந்து சமமாகக் கிடக்கும் நிலம் ஒன்றும் சொல்வதில்லை. வடகிழக்கு மழையில் நீர் எவ்வழியாய் வந்து எவ்வழியாய் வெளியேறுகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். மழை நின்ற மறுநாள் காலை அண்டை நிலத்தாரையும் கிராம நிர்வாக அலுவலரையும் அழைத்துக்கொண்டு போய், நீரின் வழியில் மூங்கில் குச்சிகளை நட்டு, அவ்வழியைப் பிளானில் குறித்துக்கொண்டு மார்கழியில் மனுச் செய்தால், தை மாதத்தில் கடைக்கால் எடுக்கலாம்.